ரசிகர் விக்கி தொடங்கப் போகிறீர்களா? முதலில் பேசும் இடத்தை முடிவு செய்யுங்கள்

நாலு பேர் சேர்ந்து வடசென்னைக் கேரம் பற்றி ஒரு ரசிகர் விக்கி (ரசிகர்களே சேர்ந்து எழுதித் திருத்தும் இணையக் கலைக்களஞ்சியம்) தொடங்கலாம் என்று பேசி முடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகும். அதற்கு ஒரு லோகோ வரும். முதல் இரவே நூறு செய்தி ஓடும், மறுநாளிலிருந்து குட் மார்னிங் படங்கள் ஆரம்பிக்கும். சில வாரம் கழித்து, "அந்த ஃபைனல்ல ஜெயிச்சது யாரு" என்று ஒரு சண்டை கிளம்பும். அதை யாரோ ஏற்கெனவே ஆதாரத்தோடு தீர்த்து வைத்திருப்பார்கள். ஆனால் எந்தத் தேதியில், எந்தச் செய்திக்குக் கீழே என்று ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் என்ன, மறுபடியும் முதலிலிருந்து.

விக்கியில் பக்கம் எழுதுவது பெரிய வேலை இல்லை. எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருவதும், வந்த முடிவை ஆறு மாதம் கழித்து வருகிற புது ஆள் தேடி எடுக்கும்படி வைப்பதும்தான் வேலை. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. மென்பொருளை நிறுவுவது எப்படி என்பதற்கு யூடியூபில் வேண்டிய அளவு இருக்கிறது. பேச்சை எப்படித் திட்டமிடுவது என்று மட்டும் இங்கே பார்ப்போம். கேரத்தை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் விக்கி கால்பந்து பற்றியதோ கானா பற்றியதோ ஆனாலும் முறை இதேதான்.

முதல் வேலை: எதைப் பற்றி என்பதை மூன்று வரியில் எழுதுங்கள்

"வடசென்னை விளையாட்டு" என்று அகலமாகத் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். கேரம், கால்பந்து, குத்துச்சண்டை மூன்றுக்கும் ஆட்கள் வேறு, சண்டைகளும் வேறு. கேரத்தில் விதியைப் பற்றிச் சண்டை வரும். வியாசர்பாடிக் கால்பந்தில் எந்த மைதானத்துப் பிள்ளைகள் பெரிய ஆட்டக்காரர்கள் என்று வரும். குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயரிலேயே பாதி ஊர் நிற்கும். அந்தச் சூட்டைத் தாங்க ஒரு முதிர்ந்த குழு வேண்டும். புதுக் குழுவுக்கு ஒரு விளையாட்டு போதும்.

இப்படி எழுதலாம்: "ராயபுரம் முதல் எண்ணூர் வரை, பெரம்பூர் முதல் கொடுங்கையூர் வரை உள்ள கேரம் மன்றங்கள், ஆட்டக்காரர்கள், போட்டிகள், தெருவுக்குத் தெரு மாறும் விதிகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும் விக்கி இது. நடந்ததை மட்டும் எழுதுவோம். சினிமாவில் வந்ததை எழுத மாட்டோம்."

கடைசி வரி விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. வடசென்னை விளையாட்டைப் பற்றிப் படம் வரும்போதெல்லாம், திரையில் பார்த்த பாத்திரத்தை நிஜ ஆட்டக்காரராக நினைத்துப் பக்கம் தொடங்கும் ரசிகர்கள் வருவார்கள். பாவம், ஆர்வத்தில்தான் செய்கிறார்கள். அவர்களிடம் ஒவ்வொரு முறையும் வாதாடுவதை விட முகப்பில் உள்ள ஒரு வரியைக் காட்டுவது சுலபம்.

யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள்

இதை யோசிக்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் நிறைய குழுக்கள் தடுக்கி விழும் இடம். "தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு கூகுள் மீட்" என்று அறிவிப்பார்கள். நம் பக்கம் அது எடுபடாது. காசிமேட்டில் மீன் வேலை பார்ப்பவருக்கு விடியுமுன் நாள் தொடங்கிவிடும், ஒன்பது மணிக்கு அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் போகிறவருக்கு இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர் எப்போது வீட்டில் இருப்பார் என்று அவர் வீட்டிலேயே சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேசும் முறை இவர்களில் பாதிப் பேரை வெளியே தள்ளிவிடும். மிச்சம் இருப்பது கல்லூரி மாணவர்களும் ஐடி வேலைக்காரர்களும்தான். அவர்களுக்கு விக்கி தெரியும், ஆனால் 1980களின் கேரம் மன்றங்களைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே உங்கள் பேச்சு, ஒருவர் இன்று காலை கேட்டதற்கு இன்னொருவர் நாளை மறுநாள் பதில் சொன்னாலும் நூல் அறுந்துபோகாத இடத்தில் நடக்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலோரத்து ஆட்டக்காரர்கள் சொல்லும் கதைகளைப் பதிவு செய்வது போன்ற பெரிய வேலைகளுக்கு அந்த இரண்டு மாதத்தைக் குறித்து வையுங்கள். அவர்களுக்கு வருமானம் குறைந்த காலம் அது என்பதையும் மறக்க வேண்டாம். நாள் முழுக்க உட்கார வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது.

குழுவில் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். விஷயம் தெரிந்த பெரியவர்களுக்குத் தட்டச்சு வராது, வாய்ஸ் நோட் அனுப்புவார்கள். இளையவர்கள் கைபேசியிலேயே எல்லாம் செய்வார்கள். ஒன்றிரண்டு பேர் கணினி வைத்துக்கொண்டு வார்ப்புரு (பல பக்கங்களில் திரும்பப் பயன்படுத்தும் அச்சு), பட்டியல் என்று கட்டுமான வேலை பார்ப்பார்கள். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் ஜோடி போட்டு விடுங்கள். அண்ணன் ஒருவர் சொல்லும் வாய்ஸ் நோட்டைத் தம்பி ஒருவர் எழுத்தாக்கி, கட்டுரைக்குப் பின்னால் விவாதத்துக்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் போடுவார், "இதைச் சொன்னவர் இன்னார்" என்று அவருடைய பயனர் பெயரோடு. கைபேசியில் குரலைத் தமிழ் எழுத்தாக மாற்றும் வசதி இருக்கிறதே என்று அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வடசென்னைப் பேச்சை அது வேறு மாதிரி எழுதிவைக்கும். ஒருமுறை திருத்திப் படிக்க வேண்டும்.

எங்கே பேசுவது: மூன்று இடம், மூன்று வேலை

வாட்ஸ்அப் குழுவை மூட வேண்டாம். மூடினாலும் யாராவது புதிதாக ஒன்று தொடங்குவார்கள். அதற்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள், ஆளைக் கூப்பிடுவது. "இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி நிற்கிறது, வந்து பாருங்கள்" என்று இணைப்பைப் போடலாம். அங்கே எடுத்த எந்த முடிவும் செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் இதில் தளர்ந்தால் மற்ற எல்லாம் வீண். வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சைத் தேடுபொறி கண்டுபிடிக்காது. குழுவில் இல்லாதவர் படிக்கவும் முடியாது. டெலிகிராமின் தனிக் குழுக்களும் டிஸ்கார்டும் இந்த விஷயத்தில் அதே கதைதான். டிஸ்கார்டில் அறை அறையாகப் பிரிக்கும் வசதி அழகாக இருக்கும், கேம் விளையாடும் பிள்ளைகளுக்குப் பழக்கமும் கூட. ஆனால் அறுபது வயது கேரம் மாஸ்டரை அங்கே ஏற்றுவதற்குள் நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

இரண்டாவது இடம், ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கம். விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் எந்த விக்கியிலும் இது தானாகவே உண்டு. ஒரு ஆட்டக்காரரைப் பற்றிய கட்டுரையில் ஏதேனும் தகராறு என்றால் அது அந்தப் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் நடக்க வேண்டும், வேறு எங்கும் இல்லை. கட்டுரையும் அதைப் பற்றிய வாதமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், "ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள்" என்று பிறகு சந்தேகப்படுபவர் ஒரே சொடுக்கில் பதிலைப் பார்த்துவிடுவார்.

எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் பதிவாகும். புதியவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். டிஸ்கஷன் டூல்ஸ் என்ற நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்த்துவிட்டால் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதிலளிக்கும் பொத்தான் வந்துவிடும், கையொப்பமும் தானாக விழும். கைபேசிக்காரர்கள் அதிகம் உள்ள குழு என்றால் அந்த நீட்சி கட்டாயம்.

மூன்றாவது, எந்தத் தனிப் பக்கத்துக்கும் சேராத பொதுப் பேச்சுக்கான இடம். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு ஆலமரத்தடி என்று பெயர். நல்ல பெயர், நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். வேறு பெயர் தேடி வாக்கெடுப்பு நடத்தி ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள்.

ஆலமரத்தடியை எப்படிப் பிரிப்பது

மூன்று பகுதி போதும். ஒன்று, உதவி: "படம் ஏற்ற முடியவில்லை", "தலைப்பை மாற்றுவது எப்படி" போன்றவை. இரண்டு, ஆதாரம்: "இந்தப் போட்டியின் நோட்டீஸ் யாரிடமாவது இருக்கிறதா", "இந்தப் படத்தில் இருப்பவர் யார்". மூன்று, கொள்கை: விக்கி முழுவதையும் பாதிக்கும் முடிவுகள். புதுக் குழுக்கள் ஆர்வத்தில் பன்னிரண்டு பகுதி திறப்பார்கள், "அறிமுகம்", "அரட்டை", "சினிமா", "ஆலோசனை" என்று. ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியும் பதில் இல்லாத ஒரு வணக்கமும் கிடக்கும். காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்தால் புது ஆள் திரும்பிப் போய்விடுவார். ஒரு பகுதியில் பேச்சு வழியத் தொடங்கும்போது பிரித்துக்கொள்ளலாம்.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு உண்மையான கேள்விகளைப் போட்டு வையுங்கள். உண்மையான என்று சொல்வது முக்கியம். "கேரம் பற்றி உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "தண்டையார்பேட்டையில் ராத்திரி விளக்குப் போட்டு ஆடும் மன்றங்கள் இப்போது எவை" என்று கேளுங்கள், பதினைந்து பேர் பதில் சொல்வார்கள், அதில் நாலு பேர் சண்டை போடுவார்கள். நல்லதுதான்.

முதல் கேள்வி கேட்டவருக்கு ஒரு நாளுக்குள் பதில் போக வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் "பார்த்துவிட்டோம், தெரிந்தவரைக் கூப்பிட்டிருக்கிறோம்" என்று ஒரு வரி போதும். இதற்கு வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள்.

விக்கியை எங்கே வைப்பது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேண்டம் தளத்தில் சில நிமிடங்களில் தொடங்கலாம், செலவில்லை, ஆனால் விளம்பரங்கள் நிறைய வரும். அங்கே விவாதத்துக்கென்று ஒரு தனிப் பகுதியும் உண்டு. கைபேசியில் வசதியானது, ஆனால் கட்டுரையிலிருந்து பேச்சு தள்ளிப் போய்விடும். மிராஹீஸ் 2015 முதல் நடக்கும் லாபநோக்கமற்ற சேவை. விளம்பரம் கிடையாது, விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்த மூன்று வரி உதவும். சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவுவது மூன்றாவது வழி. மாதாமாதம் பணம் கட்டவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஓர் ஆள் பொறுப்பேற்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இத்தகைய தளங்களில் உள்ளடக்கம் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும். அதனால் நீங்கள் வேறு இடத்துக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துப் போகலாம். ஆனால் ஃபேண்டமில் நீங்கள் போன பிறகும் பழைய விக்கி அங்கேயே நிற்கும். வீட்டைக் காலி செய்த பிறகும் வாசலில் உங்கள் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி, கூகுளில் தேடுபவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள். தொடக்கத்திலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

விதிகள்: குறைவாக, ஆனால் நம் ஊருக்கு ஏற்ப

வேறு விக்கிகளிலிருந்து முப்பது விதிகளை மொழிபெயர்த்துப் போடாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். அசிங்கமாகத் திட்டக் கூடாது, சாதியை இழுக்கக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது என்பவை எல்லா இடத்துக்கும் பொது. அவற்றை ஒரு வரியில் முடித்துவிட்டு, நமக்கு உண்மையில் தேவைப்படும் நான்கைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

ஒன்று, வழக்குகள். வடசென்னை என்றாலே ரவுடி என்று எழுதும் பழக்கம் வெளியே இருக்கிறது. நம் விக்கியில் அதற்கு நாமே தீனி போட வேண்டாம். ஓர் ஆட்டக்காரர் மீது எப்போதோ ஏதோ வழக்கு இருந்தது என்ற தகவலுக்குக் கட்டுரையிலும் இடமில்லை, பேச்சுப் பக்கத்திலும் இடமில்லை. "செய்தித்தாளிலேயே வந்ததே" என்பார்கள். வந்திருக்கட்டும். நாம் பதிவு செய்வது அவருடைய ஆட்டத்தை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

இரண்டு, வயது. கேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே அவர்களுடைய போட்டி முடிவுகளை எழுதலாம். பள்ளி, வீடு இருக்கும் தெரு, பயிற்சிக்குப் போகும் நேரம், கைபேசி எண் எதையும் எழுதக் கூடாது. படம் போட வேண்டும் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். புகழ் பெற்றவர்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவுக்கு ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் அவர் ஆட்டம் இருக்கட்டும், அவர் வீட்டுக்கு வழி வேண்டாம்.

மூன்று, பயனர் பெயர். சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். குறிப்பாகப் பெண்கள் புனைபெயரில் எழுத விரும்பினால் அதை யாரும் தோண்டக் கூடாது. "இது நம்ம இன்னாரோட பொண்ணு" என்று பேச்சுப் பக்கத்தில் அன்பாகச் சொன்னாலும் அதை உடனே நீக்க வேண்டும்.

நான்கு, மரியாதை. ஆலமரத்தடியில் எல்லோருக்கும் "ங்க" போட்டுப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் "டேய்" என்று கூப்பிட்டுக்கொள்ளும் நண்பர்களாக இருக்கட்டும், எழுத்தில் குரலும் சிரிப்பும் வராது. படிக்கும் மூன்றாவது ஆள் சண்டை என்றுதான் நினைப்பார். அண்ணா, அக்கா தாராளமாக வரலாம்.

முடிவு எடுப்பது எப்படி

வாக்கெடுப்பு வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். எந்த மன்றம் பழையது என்று வாக்கெடுப்பு வைத்தால், ஒரு தெருவிலிருந்து நாற்பது பேர் ஒரே நாளில் கணக்கு தொடங்கி வந்து நிற்பார்கள். அடுத்த தெரு சும்மா இருக்குமா? முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஆதாரமும் காரணமும். தலைகளை எண்ணி எடுத்த முடிவு அடுத்த கூட்டம் வரும்வரைதான் நிற்கும்.

ஒரு உதாரணம். ராணி என்றும் சொல்லப்படும் சிவப்புக் காயைப் பற்றி "ரெட்" என்ற பக்கத்தை ஒருவர் தொடங்குகிறார். ரெட் காய்க்கு 50 புள்ளி என்று எழுதுகிறார். இன்னொருவர் வந்து 25 என்று மாற்றுகிறார். போட்டிகளில் ஆடும் மூன்றாமவர், பன்னாட்டு விதிப்படி அதற்கு 3 புள்ளிதான், ஒரு ஆட்டமே 25 புள்ளி அல்லது 8 போர்டில் முடிந்துவிடும், 50க்கு எங்கே போவது என்று எல்லாவற்றையும் அழிக்கிறார். பழையதை மீட்டெடுக்கிறார் முதலாமவர். இப்படி மூன்று முறை நடந்தால் தொகுப்புப் போர் என்று பொருள். அப்போது செய்ய வேண்டியவை:

பக்கத்தைக் கடைசியாகச் சண்டையில்லாமல் இருந்த நிலைக்குக் கொண்டுபோய், அங்கேயே விடுங்கள். எது சரி என்று அப்போது பார்க்க வேண்டியதில்லை. பேச்சுப் பக்கத்தில் ஒரு புதுத் தலைப்பு திறந்து, கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: "ரெட் காய்க்கு எத்தனை புள்ளி என்று எழுதுவது?" சம்பந்தப்பட்ட மூவரையும் அழையுங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். ஷிஃப்ட் மாறுகிறவருக்கும் கடலுக்குப் போனவருக்கும் ஒரு வாரத்துக்குள் ஒரு ஓய்வு நாளாவது கிடைக்கும் என்பதற்காகத்தான் ஏழு.

இந்தச் சண்டையில் மூவரும் சொல்வது சரிதான், மூவரும் வெவ்வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது பேசப் பேசத் தெரியும். பக்கம் பன்னாட்டு விதியை முதலில் சொல்லி, அதன் கீழே தெரு ஆட்டங்களில் உள்ள புள்ளி முறைகளை எந்தப் பகுதியில் எது என்று தனித்தனியே பதிவு செய்யலாம். ரசிகர் விக்கிக்கு அந்த இரண்டாவது பகுதிதான் பொக்கிஷம். பன்னாட்டு விதி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், கொருக்குப்பேட்டைத் தெரு விதி வேறு எங்கே கிடைக்கும்? "ராணி" என்று தேடுபவருக்கு அதே பக்கத்துக்குத் தானாகக் கொண்டுபோகும் ஒரு வழிமாற்றுப் பக்கம் வைத்துவிட்டால் தலைப்புச் சண்டையும் அடங்கும்.

ஏழாம் நாள், அந்த வாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் பேச்சை மூட வேண்டும். மூடும்போது மேலே மூன்று வரிச் சுருக்கம் எழுத வேண்டும்: கேள்வி என்ன, என்ன முடிவு, எந்த ஆதாரத்தின் பேரில். இந்த மூன்று வரியை எழுதாமல் விட்டால், நாற்பது பதில்களையும் புது ஆள் படிக்க வேண்டியிருக்கும், படிக்க மாட்டார். கொள்கை முடிவுகள் என்றால் "முடிவுகள்" என்ற ஒரே பக்கத்தில் தேதியோடு அவற்றைப் பட்டியலிட்டு, மூல வாதத்துக்கு இணைப்பும் கொடுங்கள். புதிய ஆதாரம் கிடைத்தால் எந்த முடிவையும் மறுபடி திறக்கலாம். புதிய ஆதாரம் இல்லாமல் வெறும் கோபத்தோடு வந்தால் திறக்க வேண்டியதில்லை.

ஆதாரம் என்றால் என்ன என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்

நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலானவை செய்தித்தாளில் வந்ததே இல்லை. "நாளிதழ் மேற்கோள் இல்லாவிட்டால் நீக்குவோம்" என்று விக்கிப்பீடியா பாணியில் விதி வைத்தால் உங்கள் விக்கியில் எதுவும் மிஞ்சாது. போட்டி நோட்டீஸ், சான்றிதழ், கோப்பையில் பொறித்த எழுத்து, மன்றத்தின் சுவரில் மாட்டிய பரிசளிப்புப் படம் எல்லாவற்றையும் ஏற்கலாம். ஒருவர் நினைவிலிருந்து சொன்னதையும் ஏற்கலாம், "இன்னார் சொன்னது" என்று குறித்து. ஆனால் வரிசை இருக்க வேண்டும்: அச்சில் உள்ளது முதலில், பொருளில் உள்ளது அடுத்து, வாய்மொழி கடைசி. இரண்டு வாய்மொழிகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். யார் பெரியவர் என்று பார்க்காதீர்கள். நாளிதழில் வந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். தேதி தெரியாமல் போகாதீர்கள், மாதமாவது தெரிந்திருக்க வேண்டும்.

படங்களைப் பற்றி ஆலமரத்தடியில் அடிக்கடி கேள்வி வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு உரிமை உண்டு. காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. அதனால் மன்றம் காசு கொடுத்து எடுத்த பரிசளிப்புப் படத்துக்கு மன்றத்திடம் அனுமதி கேட்டால் போதும். கேட்டதையும் அவர்கள் சரி சொன்னதையும் படத்தின் பேச்சுப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நிர்வாகிகளும் குப்பையும்

நிர்வாகி மூன்று பேராவது வேண்டும், மூவரும் ஒரே மன்றத்து ஆட்களாக இருக்கக் கூடாது. தன் மன்றத்தைப் பற்றிய பக்கத்தில் நிர்வாகி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே அவரும் மற்றவர்களைப் போல ஒரு பயனர்தான். ஆறு மாதம் எட்டிப் பார்க்காத நிர்வாகியிடமிருந்து உரிமையை மரியாதையாக வாங்கி வேறொருவருக்குக் கொடுங்கள். திரும்பி வந்தால் திரும்பக் கொடுக்கலாம். இதை முன்பே எழுதி வைத்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

திறந்த சில நாட்களில் தானியங்கிக் கணக்குகள் வந்து மருந்து விளம்பரம், சூதாட்ட இணைப்பு என்று கொட்டும். கணக்கு தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்கும் வசதி மீடியாவிக்கியில் உண்டு, கேள்வியை நீங்களே எழுதலாம். "கேரம் போர்டில் எத்தனை பாக்கெட்?", "வெள்ளைக் காய் எத்தனை?" என்று தமிழில் கேளுங்கள். கேரம் தெரிந்தவர் யோசிக்காமல் 4, 9 என்று போடுவார். இயந்திரக் கணக்குகளில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். கேள்விகளை அவ்வப்போது மாற்றுங்கள். தப்பி வந்ததை அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் தினம் ஒருமுறை பார்த்து நீக்க வேண்டும்.

நேரில் கூடினால்

கூடத்தான் வேண்டும். முகம் பார்த்துப் பேசியவர்கள் எழுத்தில் அவ்வளவு எளிதில் சண்டை போடுவதில்லை. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர்க்காரரும் வண்ணாரப்பேட்டைக்காரரும் நடுவில் எங்காவது சந்திப்பது சிரமமில்லை. கேரம் மன்றத்திலேயே கூடினால் பேச்சு நடக்காது, எல்லோரும் போர்டில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் வேறு எங்காவது பேசி முடித்துவிட்டு அப்புறம் ஆடப் போங்கள்.

கூட்டத்தில் முடிவு எடுக்க வேண்டாம். பேசியதை ஒருவர் குறிப்பெடுத்து அன்று இரவே ஆலமரத்தடியில் போட வேண்டும், "இப்படி ஒரு யோசனை வந்தது" என்று. அங்கே ஏழு நாள் கழித்துத்தான் அது முடிவாகும். வேலையில் மாட்டிக்கொண்டு வர முடியாதவருக்கும், துபாயில் இருந்து எழுதுகிறவருக்கும் வந்தவர்களுக்கு உள்ள அதே குரல் கிடைக்க இது ஒன்றுதான் வழி.

தனி விவாத மன்றம் எப்போது வேண்டும்

உடனே வேண்டாம். டிஸ்கோர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அருமையானவைதான். புதியவர் பழகப் பழக உரிமைகள் தானாகக் கூடும் நம்பிக்கைப் படிநிலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதற்குத் தனி வழங்கி வேண்டும், மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடு வேண்டும், இரண்டாவது கடவுச்சொல்லை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, கட்டுரைக்குப் பக்கத்தில் இருந்த பேச்சு மறுபடியும் வேறு வீட்டுக்குப் போய்விடும். ஆலமரத்தடியில் ஒரே நேரத்தில் இருபது முப்பது பேச்சு ஓடி எது எங்கே என்று தெரியாமல் போனால், அல்லது விக்கியில் எழுதாமல் பேச மட்டும் விரும்பும் ரசிகர்கள் பெருகினால், அப்போது யோசிக்கலாம். அப்போதும் கட்டுரை பற்றிய தகராறுகள் பேச்சுப் பக்கத்திலேயே இருக்கட்டும். அரட்டைக்கும் போட்டி அறிவிப்புக்கும் மட்டும் புது இடம்.

திறப்பதற்கு முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. விக்கியின் பக்கங்களையும் பேச்சுப் பக்கங்களையும் சேர்த்து ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி மீடியாவிக்கியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை இறக்கி, வெவ்வேறு வீடுகளில் இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும். படங்கள் அந்தக் கோப்பில் வராது, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். டிசம்பர் மழைக்கு முன்னால் யார் வீட்டில் தண்ணீர் ஏறாது என்று பார்த்து அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்.